நான் எண் போட்ட பாம்புகள்

ஏப்ரல் 21, ஞாயிறு

விடுமுறை நாளில் கூப்பிட்டால் ஏதோ ஒன்று கூண்டை விட்டுத் தப்பித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்து ஓடினேன். இந்தத் தடவை தப்பிப் போகவில்லை, வந்திருக்கிறது. விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியைத் திறந்தபோது காலுறைகளுக்குள் சுருட்டி வைத்த பதினான்கு பாம்புகள் இருந்தனவாம். இரண்டு செத்துவிட்டன. மீதிப் பன்னிரண்டு எங்கள் பாம்புப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன.

நான் இங்கே எட்டு வருடமாகத் தலைமைப் பராமரிப்பாளன். அதற்கு முன் இருபது வருடம் விஷம் எடுக்கும் கூடத்தில் வேலை. நாகமும் விரியனும் கையில் பிடித்துப் பழகியவனுக்கு இவற்றைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சுண்டுவிரல் தடிமன், சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம், முதுகில் மூன்று வரிசை முள் போன்ற செதில். விஷம் கிடையாது. தொட்டால் விறைத்துக் குச்சியாகிவிடுகிறது. டிராகன் பாம்பு என்று பெயர், ஜாவாவின் மலைக்காட்டு ஈர மண்ணில் இருப்பது என்றார் எங்கள் கால்நடை மருத்துவர் மெஹருன்னிசா. வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் படித்துக் கரைத்துக் குடித்தவர்.

"அண்ணா, இது சாகுறதுக்குக் காரணம் தேடிட்டே இருக்கிற பாம்பு. சூடு ஆகாது. வெளிச்சம் ஆகாது. ஈரம் குறையக் கூடாது. தவளையைத் தவிர எதையும் திங்காது. முக்கியமா, பதினஞ்சு நாளைக்கு யாரும் தொடக் கூடாது."

ஜூன் முதல் வாரம் விமானத்தில் ஏற்றி அதன் நாட்டுக்கே திருப்பி அனுப்ப உத்தரவு. "பன்னெண்டு வந்துச்சு, பன்னெண்டும் போகணும் தணிகாசலம்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போனார். ஜூன் முப்பதோடு எனக்குப் பணி ஓய்வு. கடைசி வேலை இதுவாக இருக்கட்டும், பெயரோடு போகலாம் என்று தோன்றியது.

பழைய அலுவலக அறையைக் காலி செய்து, இரண்டு ஏசி போட்டு, மூன்று கண்ணாடித் தொட்டி வைத்தாயிற்று. இருபத்தெட்டு வருட சர்வீஸில் எனக்கு ஒரு நல்ல மின்விசிறி கிடைக்கவில்லை. சுண்டுவிரல் பாம்புக்கு இரண்டு ஏசி.

ஏப்ரல் 22, திங்கள்

டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். நானும் ஜெசிந்தாவும் எட்டு மணிக்கே பாம்புகளைத் தற்காலிகப் பெட்டிகளிலிருந்து தொட்டிகளுக்கு மாற்றினோம். தொட்டிக்கு நான்கு. ஜெசிந்தா ஒப்பந்தப் பணியாளர், வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். பேச்சு கொஞ்சம் அதிகம், கை சுத்தம்.

பன்னிரண்டும் ஒன்றைப் போலவே இருக்கின்றன. எது தின்றது, எது தின்னவில்லை என்று பதிவேட்டில் எப்படி எழுதுவது? எனவே எண் போட்டேன். விஷக்கூடத்தில் இருபது வருடம் செய்த வேலைதான். பாம்பைத் திருப்பி, கழிவுத் துவாரத்திலிருந்து மேலே வயிற்றுச் செதில்களை எண்ண வேண்டும். மூன்றாம் எண் என்றால் மூன்றாவது செதிலின் ஓரத்தைச் சின்னக் கத்தரியால் துளி நறுக்க வேண்டும். நாகத்துக்கு இரண்டே நாளில் ஆறிவிடும். ஆயிரம் பாம்புக்கு மேல் செய்திருப்பேன்.

"டாக்டரம்மா தொடக் கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே" என்றாள் ஜெசிந்தா.

"இது தொடுறது இல்ல, வேலை" என்றேன்.

பதினொன்று முடிந்தது. கடைசிப் பாம்பு பாசிக்கு அடியில் போய்விட்டது. நான் கையை விடப் போனபோது ஜெசிந்தா தொட்டியின் மூடியை மெல்ல இழுத்து மூடினாள். "இது கிடக்கட்டும்ணே. பதினொண்ணுக்குக் குறி இருந்தா, குறி இல்லாததுதானே பன்னெண்டாவது."

கணக்கு சரிதான். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பதிவேட்டை டாக்டர் புரட்டிப் பார்த்தார். எண் வாரியாக எழுதியிருந்ததைக் கண்டு ஆச்சரியம் அவருக்கு.

"எப்படிண்ணா அடையாளம் கண்டுபிடிக்கிறீங்க? எனக்கு எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு."

"பழகின கண்ணு மேடம்" என்றேன்.

ஜெசிந்தா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தொட்டதற்குத் திட்டு வாங்க வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். ஒரு சின்னப் பெண்ணிடம் இந்த வயதில் திட்டு வாங்க முடியாது. மேலும், டாக்டர் முகத்தில் அந்த வியப்பைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 26, வெள்ளி

ஐந்து நாளாக ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. மீன் துண்டு போட்டோம், எலிக்குஞ்சு போட்டோம், பல்லி போட்டோம். காலையில் எல்லாம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

தவளைதான் வேண்டும். சித்திரை மாதத்தில் தவளைக்கு எங்கே போவது? பூங்காவின் குளம் வெடித்துக் கிடக்கிறது. ஓட்டல் புல்வெளி, பாழ்கிணறு, வாய்க்கால் என்று டாக்டர் வாங்கித் தந்த அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஓட்டல் காவலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "தவளையா சார்?" என்று கேட்டான். இரண்டு தேரை கிடைத்தது. தேரை உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி அமிர்தவல்லி என் சட்டையை விரல் நுனியால் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டாள்.

ஏப்ரல் 29, திங்கள்

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையத் தவளைகளோடு வந்து நின்றாள். கட்டைவிரல் அளவுக் குட்டித் தவளைகள், இருபதுக்கு மேல் இருக்கும்.

"ஐஸ் பேக்டரிக்குப் பின்னாலண்ணே. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் அங்கதான் வேலை பாக்குறாரு. வருஷம் பூரா ஐஸ் உருகி அந்த மண்ணு காயவே காயாது. ஊரு தவளையெல்லாம் அங்கதான் குடியிருக்கு."

இருபத்தெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் அவற்றை நல்ல தண்ணீரில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தன் அறைக்கே எடுத்துப் போய்விட்டார்.

மே 2, வியாழன்

தின்றுவிட்டன. நேற்று சாயங்காலம் பன்னிரண்டு தவளை விட்டோம். காலையில் எண்ணினால் மூன்றுதான் மிச்சம். சில பாம்புகளின் நடுவயிறு புடைத்திருந்தது. டாக்டர் கையைத் தட்டிவிட்டு, சத்தம் ஆகாது என்ற நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஜெசிந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

இயக்குநர் வந்து என் தோளைத் தட்டினார். "அனுபவம்னா இதுதான்" என்றார். ஐஸ் பேக்டரியைக் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் தொடக்கம். வெளியே நாற்பத்தொன்று, உள்ளே இருபத்து மூன்று. மதியச் சோற்றை இங்கேயே வைத்துச் சாப்பிடலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். கருவாட்டு வாசனைக்குப் பாம்பு செத்துவிடும் என்றேன். அவள் சிரித்தாள்.

மே 7, செவ்வாய்

காலை பதினோரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. ஏசி இல்லை. ஜெனரேட்டர் நாகப்பாம்புக் கூடத்துக்கு மட்டும்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து என்று ஏறிக்கொண்டே போகிறது.

ஜெசிந்தா வெளியே ஓடினாள். முக்கால் மணி நேரத்தில் மீன்பாடி வண்டி ஒன்றில் நான்கு ஐஸ் கட்டிகளோடு திரும்பி வந்தாள். சாக்கில் சுற்றித் தொட்டிகளைச் சுற்றி அடுக்கினோம். மாலை நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. இருபத்தாறைத் தாண்டவில்லை.

இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தோம். "பொழைச்சுக்கும்ணே" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மே 10, வெள்ளி

மூன்றாம் எண் இறந்துவிட்டது. தண்ணீர்த் தட்டின் ஓரத்தில் நீட்டிக் கிடந்தது.

மின்வெட்டுதான் காரணம். அன்றைக்கே எனக்குத் தெரியும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அடி தெரியும் என்று. டாக்டர் அறுத்துப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் புண் வைத்து உள்ளே சீழ் போயிருக்கிறதாம். ஈரத்தில் இருக்கும் பாம்புக்கு இப்படி வருவதுண்டு என்றார். சதைத் துணுக்கையும் குடல் துணுக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

மே 12, ஞாயிறு

ஒன்றாம் எண். ஏழாம் எண்.

மே 13, திங்கள்

ஐந்தாம் எண்ணைக் கொக்கியால் மெல்லத் திருப்பி வயிற்றைப் பார்த்தேன். பாசியை மேலே போட்டு மூடிவிட்டேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். "என்ன ஆச்சு, முகம் இப்படி இருக்கு" என்று கேட்டாள் அமிர்தவல்லி. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன்.

மே 15, புதன்

இயக்குநர் அறையில் கூட்டம். மூன்று பாம்பு ஏன் செத்தது என்று மேலிடத்துக்கு மாலைக்குள் பதில் எழுத வேண்டுமாம். டாக்டர் ஆய்வக முடிவு வரட்டும் என்றார். அதுவரை பொறுக்க முடியாது என்றார் இயக்குநர்.

"தவளை எங்கிருந்து வருது?"

ஜெசிந்தா எழுந்து நின்று சொன்னாள்.

"ஐஸ் பேக்டரியா? அங்க அம்மோனியா வாயு ஓடுதும்மா. அந்தச் சாக்கடைத் தவளையையா கொண்டுவந்து போட்டீங்க?"

"நான் மூணு நாள் வெச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன் சார்" என்றார் டாக்டர்.

"மூணு நாள்ல ரசாயனம் போயிடுமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தணிகாசலம், உங்க அனுபவத்துல சொல்லுங்க. தவளையா இருக்குமா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. நான் சொல்லப் போகிறேன் என்ற நிம்மதிதான் இருந்தது. அதை நன்றாகவே பார்த்தேன்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. இருக்கலாம்தானே. உலகத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

மே 16, வியாழன்

ஜெசிந்தாவுக்கு இன்று கடைசி நாள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். கையுறைகளைக் கழுவிக் கொடியில் போட்டாள். அறைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"பன்னெண்டாவது, மூணாவது தொட்டியில இடது மூலையில இருக்குண்ணே. கிளப்பாதீங்க."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று. மறுபடி பார்த்தேன், அப்போதும் இருபத்து மூன்றுதான். திரும்பியபோது அவள் போயிருந்தாள்.

மே 17, வெள்ளி

தவளை இல்லை. தேடப் போகவும் மனமில்லை.

மே 18, சனி

காலையில் வாசல் காவலாளி ஒரு ஈரத் துணிப்பையைக் கொடுத்தார். மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் தணிகாசலம் சாரிடம் கொடுங்கள் என்று தந்துவிட்டுப் போனாராம். பிரித்தால் தவளைகள். எந்த இடத்துத் தவளை, யார் அனுப்பியது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் பாம்பு பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிறாள்.

ஓட்டல் புல்வெளியில் பிடித்தது என்று டாக்டரிடம் சொன்னேன். பையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மாலையில் வாசலில் கொடுத்துவிட்டேன். வண்டிக்காரர் திரும்பும்போது வாங்கிக்கொண்டாராம்.

மே 20, திங்கள்

ஐந்தாம் எண், பத்தாம் எண். ஏழு மிச்சம். பையும் வந்தது.

மே 22, புதன்

இரண்டு, எட்டு. ஐந்து மிச்சம்.

நான்காம் எண்ணை எடுத்துத் தனியாகக் காகிதத்தின்மேல் போட்டுப் புண்ணில் மருந்து தடவினேன். டாக்டருக்குத் தெரியாது. மதியத்துக்குள் அதன் தோல் வற்றிச் சுருக்கம் விழுந்துவிட்டது. மறுபடி ஈரத்தில் விட்டேன். ஈரம் வைத்தால் புண் அழுகுகிறது, காயவைத்தால் பாம்பு வற்றுகிறது. என்ன செய்வது என்று யாரைக் கேட்பது? கேட்டால் புண் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

மே 23, வியாழன்

டாக்டர் செத்த பாம்புகளை வரிசையாகக் கிடத்திப் புகைப்படம் எடுத்தார்.

"அண்ணா, இது ஈரப்புண் மாதிரி தெரியலை. எல்லாத்துலயும் நேரா வெட்டின மாதிரி ஒரு விளிம்பு இருக்கு. வந்தப்பவே இருந்துச்சா?"

"கவனிக்கலை மேடம்."

"கடத்தினவன் ஏதாவது அடையாளம் வெச்சிருப்பான். பாவி."

பாவிதான்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். விஷக்கூடத்தில் நாகத்தை வைக்கும் பானையில் உலர்ந்த மணல் இருக்கும், குறி போட்ட காயம் இரண்டு நாளில் காய்ந்துவிடும். இவை இருப்பது ஈரப் பாசியில். ஈரத்தில் காயம் ஆறாது என்பது பாத்திரம் தேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில் அதை நான் யோசிக்கவில்லை. என் கைக்கு என்ன பழக்கமோ அதைச் செய்தது. யோசிக்காதது தப்பு. பதினைந்தாம் தேதி அந்த அறையில் சொன்னது தப்பு இல்லை, அது அயோக்கியத்தனம்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 24, வெள்ளி

சொல்லவில்லை. என் பிரிவுபசார விழாவுக்குச் சால்வை நிறம் என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

மே 25, சனி

நான்கு, பதினொன்று. பை வந்தது, துவைத்து அனுப்பினேன்.

மே 28, செவ்வாய்

நேற்று ஆறாம் எண், இன்று ஒன்பதாம் எண். எண் போட்ட பதினொன்றும் முடிந்தன.

பன்னிரண்டாவது இடது மூலையில் சுருண்டிருக்கிறது. தோல் பளபளப்பாக இருக்கிறது. பையில் வந்த தவளைகளில் இரண்டு அதன் வயிற்றில். ஐஸ் பேக்டரித் தவளையை மற்றவற்றைவிட அதிகம் தின்றது இதுதான்.

தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் எட்டிப் பார்த்து, "விடுங்க, ஒண்ணையாவது காப்பாத்திட்டீங்களே" என்றார்.

மே 29, புதன்

ஆய்வக முடிவு வந்துவிட்டது. வெட்டுக்காயத்தில் கிருமி புகுந்து சாவு. குடலில் ரசாயனம் எதுவும் இல்லை. இயக்குநர் படித்துவிட்டு, "சரி, கோப்புல சேர்த்துடுங்க" என்றார். ஜெசிந்தாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் நான்தான், எதிரிலேயே நின்றேன்.

மாலையில் டாக்டர் ஒரு உறையைக் கையில் கொடுத்தார். செத்த பதினொரு பாம்புகளின் வயிற்றுப் புகைப்படங்கள். "ஒவ்வொண்ணுக்கும் பின்னால நம்பர் எழுதித் தாங்கண்ணா. உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும். அறிக்கையோட வைக்கணும்."

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றிலும் துவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால் புண் எத்தனையாவது செதிலில் தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. எண்ணை மாற்றி மாற்றி எழுதிவிட்டால் போதும். மூன்றை எட்டு என்று எழுதலாம், ஐந்தைப் பத்து என்று எழுதலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பழகின கண் எனக்கு மட்டும்தானே இருக்கிறது.

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. சோறு ஆறிவிட்டது என்று அமிர்தவல்லி இரண்டு முறை வந்து சொன்னாள்.

எண்களைச் சரியாகவே எழுதினேன்.

மே 30, வியாழன்

காலை பத்தரைக்கு டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் புகைப்படங்கள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"மூணாம் நம்பருக்கு மூணாவது செதில். ஏழுக்கு ஏழாவது. பதினொண்ணுக்குப் பதினொண்ணாவது."

"ஆமா மேடம்."

"பழகின கண்ணுன்னு சொன்னீங்களேண்ணா."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "முதல் வாரமே சொல்லியிருந்தா மருந்து ஊசி இருந்துச்சு. பாதியையாவது காப்பாத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். பாதி என்றால் ஐந்து, ஆறு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

அவரே என்னை இயக்குநரிடம் அழைத்துப் போனார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இயக்குநர் மேசையில் இருந்த காகித எடையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. மேல பதில் போயாச்சு. இதை ஏன் இப்பக் கிளறணும்?"

"அந்தப் பொண்ணு வேலை போய் வெளிய நிக்குது சார்."

எழுதிக் கொடுத்தேன். குறி போட்டது நான், தடை மீறியது நான், தவளையில் குற்றமில்லை, அதைத் தெரிந்தே மறைத்தேன் என்று நான்கு வரி. டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை வருமாம். விழா இல்லை. ஜெசிந்தாவைத் திரும்ப எடுக்கக் கடிதம் அனுப்புவதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

மனப்பாரம் இறங்கிவிடும் என்பார்கள். இறங்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

பன்னிரண்டாவது இன்று காலை போய்விட்டது. ஈரப் பாசி வைத்த ஒரு சின்னப் பெட்டி. பன்னிரண்டுக்கென்று செய்து வைத்திருந்த மற்றப் பெட்டிகள் அறையில் அடுக்கியபடி கிடக்கின்றன. டாக்டர் விமான நிலையம் வரை கூடவே போனார். என்னைக் கூப்பிடவில்லை.

பூங்காவிலிருந்து நேராகக் குப்பத்துக்குப் போனேன். ஜெசிந்தா இறால் உரிக்கும் கொட்டகையில் இருக்கிறாள் என்றார்கள். ஐஸ் தண்ணீரில் கை விட்டு விட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"போயிடுச்சாண்ணே?"

"போயிடுச்சு."

"தின்னுச்சா?"

"முந்தாநாள்கூட ரெண்டு."

தலையை ஆட்டிக்கொண்டாள். கை நிற்கவில்லை. ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேம்மா. தவளை இல்ல, நான்தான்னு."

"டாக்டரம்மா போன் பண்ணாங்க."

"லெட்டர் வரும். நீ திரும்ப வேலைக்கு வரலாம்."

"வரலண்ணே."

காரணம் கேட்டேன். உரித்த இறாலைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அன்னிக்கு மீட்டிங்குல நானே சொல்லியிருக்கலாம். குறி போட்டது இவருன்னு. யாரு நம்புவாங்க? நீங்க இருபத்தெட்டு வருஷம், நான் பதினாலு மாசம். அதான், நீங்களே சொல்லட்டும்னு கம்முனு நின்னேன். நீங்க சொல்வீங்கன்னுதான் இருந்தேன்ணே. கடைசி நாளு சாவி குடுக்கும்போதுகூட."

"தெரியும்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தெரியும்தானே.

"அப்படியும் நீ தவளை அனுப்பினியேம்மா" என்றேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

ஜெசிந்தா அப்போதுதான் கையை நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள்.

"பாம்புக்காக மட்டும் அனுப்பலண்ணே. சாயங்காலம் பை திரும்பி வரும்ல. உள்ள ஒரு துண்டுச் சீட்டாவது வெச்சிருப்பீங்கன்னு ஒவ்வொரு தடவையும் கைய விட்டுப் பாப்பேன்."

ஐஸ் வண்டி வந்து நின்றது. அவள் எழுந்து போனாள்.

பையை ஒரு நாள்கூட அழுக்காக அனுப்பியதில்லை, சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்துத்தான் அனுப்பினேன் என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.